லெஸ்வாவின் எடை

"ஒரே கம்பெனி, ஒரே வருஷம்,
மாட்டினால் மாட்டிக்கொள்ளும்" என்றானாம்
க்னியெஸ்னோவில் விற்ற லெஸ்வாவ்.
மாட்டிக்கொண்டது நான்.

நவம்பர். போஸ்னானில் நாலு மணிக்கே இருட்டு.
பொக்னாவின் கராஜில் அறுநூறு சிசி வண்டி
முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு
கூரைச் சங்கிலியில் தொங்கியது.
கீழே போர்வையில் ஆயிரம் சிசியின் முன்பாதி:
தங்க நிறத்தில் தலைகீழ் ஃபோர்க் இரண்டு,
சக்கரம், ஆக்சில், காலிபர்,
தயிர் டப்பா ஒன்றில்
எதற்கென்று தெரியாத மூன்று வாஷர்.

அவளுக்குப் பல் செட் செய்யும் வேலை.
பத்தில் ஒரு மில்லி பிசகினால்
வாய் மூடாது என்று தெரிந்தவள்.
வெர்னியரை நீட்டி, "நீயே பார்" என்றாள்.
ஸ்டெம் நாலு மில்லி குட்டை.
நட்டின் பிடிக்கு மிஞ்சியது ஒன்றரை மரை.

"ஒன்றரை மரையை நம்பி
வளைவுக்குள் படுப்பாயா?"
"நீ டிராம் பட்டறையில்தானே இருக்கிறாய்."
அது பதில் இல்லை.
அன்று இரவே ஷிஃப்ட் மாற்றிக்கொண்டேன்.

பழைய ஸ்டெம்மைப் புதுக் கிளாம்பில் இறக்க வேண்டும்;
அதற்கு முன் இரண்டையும்
அதனதன் ஜோடியிலிருந்து பிரிக்க வேண்டும்.
பிரஸ்ஸில் எட்டு டன்: அசையவில்லை.
பதினொன்று: அசையவில்லை.
பதிமூன்றில் வெடித்த சத்தத்துக்கு
ஃபோர்மேன் ரோஹோவிச் வாயில் ரொட்டியோடு ஓடி வந்தார்.
"எந்த நம்பர் டிராம்?"
"அறுநூறு."
அப்படியொரு ரூட் இல்லையே என்று
யோசித்தபடியே திரும்பிப் போனார்.

பழைய ஸ்டெம்மின் அடி அரை மில்லி மெலிவு.
வளையம் கடைந்தேன். தளர்ந்தது.
இன்னொன்று கடைந்தேன். அதுவும்.
மூன்றாவதைப் போட்ட ஸ்டெம்
கேன்டீன் ஃப்ரீசரில் பியரோகிகளுக்கு நடுவே
ராத்திரி முழுக்க உறைந்தது.
கிளாம்பை அடுப்பில் காய்ச்சினேன்.
காலை ஐந்துக்கு, ஒரு மூச்சில்,
சுத்தியல் தொடாமல்
உள்ளே போய் உட்கார்ந்தது.
யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது.
முதல் டிராம் கிளம்பும் நேரம்,
எல்லோருக்கும் வேலை இருந்தது.

பிப்ரவரிக்குள்
ஹேண்டில் ஃபேரிங்கில் இடித்தது, அறுத்தோம்.
பிரேக் குழாய் நீளம் போதவில்லை, வாங்கினோம்.
ஃபோர்க் பன்னிரண்டு மில்லி குள்ளம்;
கிளாம்பில் கீழே தள்ளித் தள்ளி
இனித் தள்ள இடமில்லை என்னும்வரை இறக்கினோம்.
அந்த மூன்று வாஷரை மட்டும்
எங்கே போட்டாலும் பொருந்தவில்லை.

ஒருநாள் அவள் ஏறி உட்கார்ந்தாள்,
ஹெல்மெட், தோல் உடை, பூட்ஸ் எல்லாவற்றோடும்.
ஃபோர்க் குழாயில் கட்டிய சின்னப் பிளாஸ்டிக் கட்டு
முப்பத்தைந்து மில்லி நகர வேண்டும்.
பதினாலு நகர்ந்தது.
குதித்தாள். பதினைந்து.
நான் லெஸ்வாவுக்குப் போன் போட்டேன்:
"உங்கள் எடை என்ன?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"யார் பேசுவது? டாக்டரா?"
நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
தனக்கென்றே முறுக்கான ஸ்பிரிங் போட்டிருந்தானாம்,
கேட்டிருந்தால் சொல்லியிருப்பானாம்.
ஐம்பத்து மூன்று கிலோ பொக்னா
ஸ்டாண்டில் நின்ற வண்டியின் மேல்
காற்றில் உட்கார்ந்தவள் போல் இருந்தாள்.
பிறகு சிரித்தாள்.
அந்த கராஜில் அவள் சிரித்து
அதுவரை நான் பார்த்ததில்லை.

மெலிந்த ஸ்பிரிங் ஏப்ரலில் வந்தது.
எண்ணெயை அளந்து ஊற்றினோம்.
முதல் ஓட்டம் முடிந்து வந்தவளிடம்
"எப்படி?" என்றேன்.
"வளைவில் எங்கே பார்க்கிறேனோ
அங்கே போகிறது.
கொஞ்சம் பயமாக இருக்கிறது."

ஒரே ஒரு குறை.
புதுக் கிளாம்பில் பூட்டுக்கான துளை
வேறெங்கோ இருக்கிறது.
சாவியைத் திருப்பினால் கம்பி வெளியே வந்து
தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும்.
ரதாயேயில் அவள் தெருவில்
பூட்டாத வண்டி விடியும்வரை நிற்காது.
துளை போட அரைமணி நேரம் போதும்.
இருவருக்கும் தெரியும்.

மே மாதம்.
என் முற்றத்து மழைநீர்க் குழாயில் சங்கிலி போட்டு
வண்டி நிற்கிறது.
டிரில் பிட் எங்கே என்று
அவளும் கேட்கவில்லை.